திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டிய பதக்கம்

எங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பெண்கள். நான் இருபத்தெட்டாவது. ஒருத்திக்கு அம்மை போட்டு ஒரு மாதம் வராமல் போனபோது மட்டும் இருபத்தேழாவது இடத்துக்கு முன்னேறினேன். அவள் உடம்பு தேறி வந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். இதை இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு ஏழு வயதில், ஒரு நாளும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

சைகோனைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். அப்பா காரைக்காலில் பிறந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பெரிய சண்டையின்போது பிரான்சுக்குப் போய், மார்செய் துறைமுகத்தில் மூட்டை எண்ணி, ஒரு குண்டுச் சத்தமும் கேட்காமல் ஒரு பதக்கத்தோடு திரும்பியவர். பிறகு சைகோன் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில் காவல் வேலை கொடுத்தார்கள். கிடங்குகளுக்குப் பின்னால் கான் ஹொய் என்ற பகுதியில் எங்கள் வீடு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் பக்கத்திலிருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். என்னை மட்டும் பாலம் தாண்டி, கன்னியாஸ்திரிகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பினார் அப்பா. "பிரெஞ்சுக் குடிமகன் பொண்ணு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கணும்" என்பார். குடிமகனின் பெண்ணுக்கு அதில் விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை.

குதிரை வண்டியில் போவேன். அந்த வண்டிக்கு அந்த ஊரில் மலபார் என்று பேர். எங்கள் ஆட்களையும் வெள்ளைக்காரர்கள் மலபார் என்றுதான் சொன்னார்கள். பாலம் நடுவில் திறந்து கப்பலுக்கு வழிவிடும். ஒவ்வொரு காலையும் கப்பல் வர வேண்டும், பாலம் திறக்க வேண்டும், திறந்தது மூடவே கூடாது என்று வேண்டிக்கொள்வேன். சில நாள் கப்பல் வரும். அன்றைக்குத் தாமதமாகப் போய் முட்டி போடுவேன்.

எங்கள் ஆசிரியை ஒரு வயதான கன்னியாஸ்திரி. 'மா மேர்' என்று கூப்பிட வேண்டும். என் தாயே என்று அர்த்தம். அந்தத் தாய்க்கும் வீட்டிலிருந்த தாய்க்கும் என் நெற்றியில் தினமும் சண்டை நடந்தது. அம்மா காலையில் பொட்டு வைத்து அனுப்புவாள். மா மேர் பலகை துடைக்கும் ஈரத் துணியால் அதை அழிப்பார். வெறும் நெற்றியோடு வீட்டுக்கு வந்தால் அம்மா, "அழிஞ்சிடுச்சா? நாளைக்குக் கொஞ்சம் பெருசா வைக்கிறேன், அழியாது" என்பாள். பொட்டு வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போனது. மா மேரும் வாராவாரம் இன்னும் அழுத்தித் தேய்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தோல் உரிந்தது எனக்கு.

ஊதா மை இன்னொரு சனியன். பேனா முள்ளை நான் தொட்டாலே அது இரண்டாகப் பிளந்து துப்பும். என் விரல், பாவாடை, உதடு எல்லாம் ஊதா. வெளியே போக வேண்டுமானால் எழுந்து நின்று, கைகட்டி, முழுசாக ஒரு பிரெஞ்சு வாக்கியம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். நான் அந்த வாக்கியத்தை மனசுக்குள் கோர்த்து முடிப்பதற்குள், போக வேண்டிய அவசியம் பெஞ்சிலேயே முடிந்துவிடும். இப்படி மூன்று முறை.

மக்குகளுக்கு மாட்டுவதற்கென்று அட்டையில் கழுதைக் காது வைத்த ஒரு குல்லாய் இருந்தது. அதை அடிக்கடி போட்டுப் போட்டு என் தலையின் தேங்காய் எண்ணெய் அதில் ஊறிவிட்டது. அதற்குப் பிறகு வேறு எவளாவது தப்புச் செய்தாலும், "சீ, நாறுகிறது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போட மாட்டேன் என்பாள். மா மேருக்கும் அதைத் தொடப் பிடிக்காது. ஆகவே அவர்களுக்கு முட்டி போடும் தண்டனை, குல்லாய் எனக்கே சொந்தம். மூலையில் காதோடு நின்றுகொண்டு, செத்துப்போனால் இந்தக் குல்லாயைக் கழற்றுவார்களா, அதோடேயே எரிப்பார்களா என்று யோசித்திருக்கிறேன். உண்மையாகவே யோசித்தேன்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் வகுப்பில் முதலாவது. முதலாவதையும் கடைசியையும் சேர்த்து உட்கார வைத்தால் அறிவு ஒட்டிக்கொள்ளும் என்பது மா மேரின் கணக்கு. ஒட்டிக்கொண்டது என் மைதான்; அவளுடைய வெள்ளைச் சட்டையில். அவள் அன்னாமியப் பெண், அந்த ஊர்க்காரி. அவள் அம்மா துணி வெளுப்பவள். மடத்துத் துணியும் பட்டாள அதிகாரிகளின் சட்டைகளும் அவளிடம்தான் வந்தன. அதனால் மகளைச் சம்பளம் வாங்காமல் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எப்போதும் முதலாவதாக இருக்க வேண்டும், ஒரு குறையும் காதில் விழக்கூடாது. ஒரு குறை வந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை மா மேர் எங்கள் எல்லோர் எதிரிலும் மாதம் ஒருமுறை அவளுக்கு ஞாபகப்படுத்துவார். அவள் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, நன்றி தாயே என்று சொல்லிவிட்டு உட்காருவாள்.

அவள் எனக்கு நல்லவளாக இருந்தாள். நான் கூட்டல் போடும்போது மேசைக்கு அடியில் என் தொடையில் விரலால் விடையைத் தட்டுவாள். ஏழு தட்டினால் நான் ஒன்பது எழுதுவேன். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. அதற்குக் கூலியாக அவள் கேட்டது ஒன்றுதான்: என் கையை அவள் காதுப் பக்கம் கொண்டுபோய் ஆட்ட வேண்டும். அம்மா காரைக்காலிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கண்ணாடி வளையல்கள், பச்சை நிறம், பொன்புள்ளி வைத்தவை, கைக்கு ஆறு போட்டிருந்தேன். அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பாலத்துக்கு எங்கள் வீட்டுப் பக்கம் நான் கற்றுக்கொண்ட அரைகுறை அன்னாமிய பாஷையில்தான் நாங்கள் குசுகுசுப்போம்.

சனிக்கிழமை மத்தியானம் மணி அடிக்கும் முன்பு மா மேர் முதலாவது பெண்ணின் நெஞ்சில் ஒரு பதக்கம் குத்துவார். சிலுவை வடிவம், வெள்ளைப் பூச்சு, சிவப்பு நாடா. அதை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம். ஞாயிறு முழுக்கப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். திங்கட்கிழமை முதல் மணிக்கு மேடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாராவாரம் அது என் பக்கத்தில் இருந்தவளுக்கே போனது. எனக்குப் பொறாமை இல்லை. ஆகாயத்தில் நிலா இருக்கிறது, அதன் மேல் யாருக்குப் பொறாமை?

வினை வந்தது மாதப் புத்தகத்தில். அப்பாவுக்குப் பிரெஞ்சு சரளமாகப் பேச வரும், படிக்க வராது. எண்கள் மட்டும் தெரியும். மாதக் கடைசியில் என் புத்தகத்தில் 28, ஒரு கோடு, மறுபடி 28 என்று போட்டிருக்கும். இருபத்தெட்டுப் பேரில் இருபத்தெட்டாவது. அப்பா அதை இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு என்று எடுத்துக்கொண்டார். ஐந்து மாதம் அப்படியே எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கிடங்கு முழுக்கச் சொல்லி வைத்தார். அம்மை போட்ட மாதம் இருபத்தேழு வந்தபோது மட்டும், "என்னா, ஒண்ணு குறைஞ்சிருக்கு? விளையாட்டுப் புத்தி" என்று காதைத் திருகினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்ல?

ஆறாவது மாதம், பெருமை தாங்காமல் புத்தகத்தைக் கிடங்குக்கே எடுத்துக்கொண்டு போய்க் கூட வேலை செய்த ஒரு குமாஸ்தாவிடம் காட்டினார். அந்த மனிதர் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். சத்தமாகவும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் கான் ஹொயில் காரைக்கால்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். வாசலில் நாற்காலியைப் போட்டுத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "இந்தச் சனிக்கிழமை நெஞ்சுல பதக்கத்தோட வரணும். வரலன்னா அடுத்த கப்பல்ல உன்னைக் காரைக்காலுக்கு ஏத்திடுவேன். அங்க பெரியப்பா வீட்டுல மாடு மேய்ச்சிக்கிட்டுக் கெட. எனக்குப் பொண்ணே இல்லன்னு நெனச்சிக்கிறேன்."

அம்மா அழுதுகொண்டு தலைமுடியை முடிந்தாள். "அம்மா தாயே, எம் பொண்ணு ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி ஜெயிச்சி வரட்டும். அவ கழுத்துக்கு வர்றதை உன் கழுத்துக்கே சாத்துறேன்" என்று கிடங்குப் பக்கத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை பள்ளி விட்டதும், மடத்துத் துணி காயப்போடும் சந்தில் என் பக்கத்து இடத்துக்காரியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மாடு என்றதும் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"உன் அம்மா கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"அம்மாவுக்கு அது பொத்தானா பதக்கமான்னே தெரியாது. சனிக்கிழமை தகரப் பெட்டியில போடுறேன், திங்கட்கிழமை எடுக்கிறேன்."

யோசித்தாள். என் கையைப் பார்த்தாள். நான் பன்னிரண்டு வளையலையும் கழற்றினேன். பதக்கம் எனக்கு, வளையல் அவளுக்கு, ஞாயிறு ஒரு நாளைக்கு. திங்கட்கிழமை வாசலில் மாற்றிக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லக்கூடாது. அவள் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, முடிச்சைக் காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டு வாசலில் இறங்கினேன். அப்பா எழுந்து நின்று எனக்குப் பட்டாள சலாம் வைத்தார். ஏழு வயதுப் பெண்ணுக்கு! அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு நிமிஷம் நான் உண்மையிலேயே முதலாவது என்று நானே நம்பினேன், சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் தகரப் பெட்டியைத் திறந்து, சண்டைப் பதக்கத்தை எடுத்துத் தன் கோட்டில் குத்திக்கொண்டார். தேசியத் திருநாள் அணிவகுப்புக்கு மட்டும்தான் அதை எடுப்பார். இரண்டு பதக்கங்களும் சேர்ந்து கான் ஹொயில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கின. சிரித்த குமாஸ்தாவின் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "தொட்டுப் பாருங்க முசியே, தொட்டுப் பாருங்க" என்றார் அப்பா. வளையல் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, பள்ளியில் கழற்றி வைத்தேன் என்றேன். பதக்கம் வந்த சந்தோஷத்தில் அதோடு விட்டாள்.

சாயங்காலம் அம்மன் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன இடம். துறைமுகத்துக் காவல்காரர்களும் வண்டிக்காரர்களும் கட்டியது. பூசாரியும் பகலில் அப்பாவின் கீழ் வேலை பார்த்த காவல்காரர்தான். தேங்காய் உடைத்தாயிற்று. அம்மா என் பக்கம் திரும்பி, என் நெஞ்சிலிருந்து பதக்கத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு அந்த வேண்டுதல் ஞாபகம் வந்தது.

பூசாரி தட்டைப் பார்த்துத் தயங்கினார். "அக்கா, இது சிலுவையாட்டம் இருக்குதே."

"சிலுவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரெஞ்சு சர்க்கார் பதக்கம்யா. சாத்துய்யா" என்றார் அப்பா.

"அம்மா, அதைத் திங்கட்கிழமை திருப்பிக் குடுக்கணும்மா!" என்று நான் அலறினேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என் தலையைத் தடவினார். "யாருடி சொன்னது? பட்டாளத்துல என் நெஞ்சுல குத்தினாங்களே, திருப்பிக் கேட்டாங்களா? பதக்கம் குத்தினா குத்தினதுதான். ஆயுசுக்கும். உங்க மா மேர் கேட்டா நான் வந்து பேசுறேன்."

அப்பா பள்ளிக்கு வருவது! வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். கப்பல், பெரியப்பா, மாடு. நான் வாயை மூடிக்கொண்டேன். பூசாரி அம்மன் கழுத்தில் எலுமிச்சை மாலைக்கு மேலே பதக்கத்தை மாட்டினார். வெள்ளைச் சிலுவையும் சிவப்பு நாடாவுமாக, வகுப்பில் முதலாவதாக வந்த பெண் மாதிரியே இருந்தாள் அம்மன். சாத்தியதை எடுக்கக்கூடாது. அடுத்த அலங்காரத்துக்குக் கழற்றினாலும் அது அம்மனுடைய நகைப் பெட்டிக்குத்தான் போகும். இதை அங்கே குழந்தைகளுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. அப்பா குளிக்கப் போயிருந்தார். தகரப் பெட்டியைத் திறந்து, அவருடைய சண்டைப் பதக்கத்தை எடுத்துக்கொண்டேன். அதுவும் பதக்கம்தான், அதிலும் நாடா இருந்தது. மா மேருக்குக் கண் மங்கல். பதக்கத்துக்குப் பதக்கம், சரியாகப் போய்விடும் என்று நினைத்தேன். இருபத்தெட்டாவது வந்தவளின் மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

அன்றைக்குப் பார்த்துக் கப்பல் வந்தது. பாலம் திறந்தது. நான் போய்ச் சேரும்போது மணி அடித்து வரிசை நின்றுவிட்டது. அவள் வரிசையின் முன்னால் நின்று, கழுத்தை நீட்டி நீட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையில் சுற்றியதை அவள் கையில் திணித்துவிட்டு என் இடத்துக்கு ஓடினேன். அவள் பிரித்துப் பார்த்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வட்டமான பித்தளை. அவள் திரும்பி என்னைத் தேடினாள். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதை நெஞ்சில் குத்திக்கொண்டு, ஒரு கையால் மூடியபடி உள்ளே போனாள்.

மா மேர் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் கையை எடுக்கவில்லை. மா மேர் எடுத்துவிட்டார். பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைக்கப் போனவர், கனத்தைக் கண்டு நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ராணுவப் பதக்கம். உனக்கு எப்படி வந்தது?"

அவள் கைகட்டி நின்றாள்.

"என்னுடைய சிலுவை எங்கே?"

"தொலைஞ்சுபோச்சு, தாயே."

"அதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொண்டாயா? உன் அம்மா வெளுக்கும் சட்டையிலிருந்தா?"

அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஈ விழுந்து நீந்தியது. ஈ எப்படி நீந்தியது என்பது இந்த வயதிலும் ஞாபகம் இருக்கிறது. எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்; நான் எழுந்திருக்கவில்லை. பிரெஞ்சு வாக்கியம் வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். வாக்கியம் வந்தது. முழுசாக, தப்பில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக வந்தது. பயத்தில் விழுங்கிவிட்டேன்.

வளையலைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவள் மூச்சு விடவில்லை. சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தோம், அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஈரக் கையோடு வந்த அந்த அம்மாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. யாரோ சொல்லச் சொல்லத் தலையை மட்டும் குனிந்து குனிந்து நிமிர்த்தினாள். மறுநாளிலிருந்து என் பக்கத்து இடம் காலி. மடத்துத் துணியும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை, பெட்டியிலிருந்து ஒரு புதுச் சிலுவையை எடுத்து வேறொரு பெண்ணுக்குக் குத்தினார் மா மேர். அந்தப் பெட்டியில் ஒரு டஜன் சிலுவை இருந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். நான் இருபத்தேழில் இருபத்தேழாவது ஆனேன்.

வளையல் வரவில்லை என்று அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கினேன். தொலைஞ்சுபோச்சு என்று மேடையில் அவள் சொன்னதையே நானும் சொன்னேன். அடி வலித்தது. அது போதவில்லை என்றும் தோன்றியது.

ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுத் தேசியத் திருநாள் வந்தது. அணிவகுப்புக்காக அப்பா கோட்டுக்கு இஸ்திரி போட்டு, தகரப் பெட்டியைத் திறந்தார். பதக்கம் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினார். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று தரைப் பலகையைப் பெயர்த்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்க்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சந்து, வளையல், தகரப் பெட்டி, ராணுவப் பதக்கம், ஈ, எல்லாம்.

இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. அவளுக்காக நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் பித்தளைக்காகத் திறந்தேன்.

அப்பா பதக்கத்தோடு பட்டாளத்தில் கொடுத்த சான்றிதழை எடுத்துக்கொண்டு மடத்துக்கு ஓடி, அலமாரியில் கிடந்த பதக்கத்தை வாங்கிக் குத்திக்கொண்டு அணிவகுப்பில் கடைசி வரிசையில் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண் வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாக மா மேர் சொன்னாராம். சிலுவை போனால் போகட்டும், வேறு இருக்கிறது என்றாராம். ஆனால் மடத்துத் துணியைப் புது ஆளுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அதை மாற்றுவதற்கில்லை என்றும் சொன்னாராம்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போனார். கால்வாய் ஓரத்தில், கம்பம் நட்டு அதன் மேல் கட்டிய ஒரு குடிசை. அவள் தண்ணீரில் கால் வைத்துக் குந்தி, ஒரு பெரிய சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரிகளின் சட்டைகளும் கைவிட்டுப் போய்விட்டன. படகுக்காரர்களின் துணிதான் வந்தது. அது அழுக்கு அதிகம், ஒரு ஆள் போதாது. பள்ளிக்கு வரச் சொல்கிறார்கள் என்று அப்பா அவள் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் சட்டைக் குவியலைக் காட்டினாள். பிறகு மகளின் கையைக் காட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. இந்தக் கை இல்லாமல் இது முடியாது, அவ்வளவுதான் என்றாள்.

அவள் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி, பழைய கைக்குட்டை முடிச்சைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா. சிலுவை கொண்டுவந்தியா?"

அவளுக்கு நாங்கள் போட்ட ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. இத்தனை நாளும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"எங்கம்மா அதை எங்க சாமிக்குப் போட்டுட்டாங்க. எடுக்க முடியாது" என்றேன்.

அவள் யோசித்தாள். கூட்டல் போடும்போது யோசிப்பது போலவே, புருவத்தைச் சுருக்கி.

"உங்க சாமிக்குத் திங்கட்கிழமை வராதா?"

"வராது" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். முடிச்சை என் கையில் வைத்தாள். அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று திருப்பி நீட்டினேன். அவள் கையைக் காட்டினாள். சவுக்காரமும் தண்ணீரும் பட்டு விரல் முட்டிகள் வீங்கி வெடித்திருந்தன, வளையல் ஏறாது. ஒருமுறை ஆட்டிக் காட்டச் சொன்னாள். ஆட்டினேன். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளாமல் கேட்டாள். பிறகு அவள் அம்மா கூப்பிட்டதும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தோம். பன்னிரண்டும் இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அம்மா அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மன் கைவிடல பாத்தியா" என்று சொல்லி என் கையில் ஏற்றினாள். ஆடி வெள்ளிக்குப் பாயசம் வைத்திருந்தாள். அன்றைக்கு எனக்கு இரண்டு கிண்ணம் ஊற்றினாள். நான் இரண்டையும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.